வலப்பக்கம்

சனிக்கிழமைதோறும் தங்கச்சிமடத்தில் வகுப்பு.
பங்குக் கோவிலுக்குப் பின்னால்
கல்யாண நாற்காலிகள் அடுக்கிய அறை.
எட்டுப் பேர். மூத்தவன் நான், ஐம்பத்தொன்று.
நடத்தும் சிஸ்டர் ஜெனோவாவுக்கு
என் பெரிய மகள் வயது,
எந்நேரமும் ஜலதோஷம்.

மண்டபத்தில் ஐஸ் கம்பெனி,
இருபத்தாறு வருடக் கணக்கு எனது.
எத்தனை பார், எந்தப் படகு, யார் பேரில் கடன்.
படகு திரும்பாத நாளில்
அந்த வரியை எப்படி முடிப்பது?
இதற்காகத்தான் வந்தேன் என்று
சேர்க்கைப் படிவத்தில் எழுதவில்லை.
சேவை மனப்பான்மை என்று எழுதினேன்.

பயிற்சி இதுதான்:
ஒரு வீட்டுக்குப் போ. உட்கார். கேள்.
வந்து, பேசியதை அப்படியே எழுது.
இடப்பக்கம் வாயில் வந்தது.
வலப்பக்கம் அப்போது உனக்குள் ஓடியது.
மௌனம் என்றால் எத்தனை நொடி, அதையும்.

பற்று வரவுதானே என்று
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டேன்.

சின்னப்பாலம், செலஸ்தீனா வீடு.
பட்டியலில் அதை நான்தான் கேட்டு வாங்கினேன்.
மரிக்கொழுந்துப் பாசி எடுத்து வந்த கை,
விரலில் சுற்றிய துணியை அவிழ்க்காமலே
டீ ஆற்றினாள்.
புருஷன் எட்டு மாதம் யாழ்ப்பாணத்துச் சிறையில்,
போன மாதம்தான் விட்டார்கள்.

"வந்துட்டாரு சார்" என்றாள்.
"ஆண்டவருக்கு நன்றி" என்றேன்.
"ஆமா" என்றாள்.
பிறகு தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேசினோம்.

அந்த நன்றியைச் சுற்றி
சிஸ்டர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்.
'இது யாருக்குச் சொன்ன ஆறுதல்?'
மூக்கைத் துடைத்துக்கொண்டு
அடுத்தவர் தாளுக்குப் போய்விட்டார்.

பாலத்தின் நடுவில் கச்சான் காற்று
பஸ்ஸைப் பக்கவாட்டில் தள்ளியது.
எனக்குக் கோபம்.
ஒரு ஆள் உயிரோடு வந்ததற்கு
நன்றி சொன்னது தப்பா?
மண்டபத்தில் இறங்கிய பிறகுதான் உறைத்தது.
அவள் அந்தப் பேச்சை முடிக்கவில்லை.
நான்தான் முடித்தேன்,
ரசீது கிழிப்பதுபோல.

அடுத்த முறை அவளே ஆரம்பித்தாள்.
"வந்துட்டாரு. வந்தது வேற ஆளு.
வாசப்படியில தலைவெச்சுப் படுக்குறாரு.
கதவச் சாத்துனா எந்திரிச்சிருவாரு.
அவரு இல்லாதப்ப
நான் நல்லாத் தூங்குனேன் சார்.
பாவந்தானே அது?"
பாசி மூட்டை வெயிலில் நாறிக்கொண்டிருந்தது.
பாவமில்லை என்பது நுனிநாக்குவரை வந்துவிட்டது.
கடித்துக்கொண்டேன்.
பதினேழாவது நொடியில் அழுதாள்.
நல்லது, பதினேழு, என்று
மனதில் குறித்துக்கொண்டேன். இதையும் எழுத வேண்டும்.

அப்போது அவர் வந்தார், லூர்தப்பன்.
எதிரே குத்தவைத்தார். பேசவில்லை.
என் கண் கடிகாரத்துக்குப் போனது.
நாற்பது.
ஐம்பது.

"எண்ணுறீகளா?"

என்ன சொன்னேனோ, மன்னிப்பு மாதிரி ஏதோ.
அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை.
"அங்கயும் எண்ணுவாங்க. விடியக்காலம் ஒருதரம்,
அடைக்கையில ஒருதரம்.
சிங்களத்துல.
என் நம்பரு மட்டும் எனக்கு அத்துப்படி."

ஒரு கோழி எங்களுக்கு நடுவே புகுந்து போனது.

"ஐஸ் இப்ப பாரு என்ன வெலை?"
சொன்னேன்.
"அம்புட்டு ஏறிப்போச்சா" என்றார்.
"போட்ட அரசுடைமை ஆக்கிட்டாங்க.
வெலை கேட்டு என்ன செய்ய."

இந்த வாரத் தாளில் இடப்பக்கம் நிரம்பிவிட்டது.
நொடிக்கான இடத்தில்
'எண்ணவில்லை' என்று எழுதினேன். பொய். அடித்தேன்.
'ஐம்பது வரை எண்ணினேன். அவர் நிறுத்தினார்.'

வலப்பக்கம் இவ்வளவுதான்:
லூர்தப்பன் படகு, ஐஸ் பதினான்கு பார்,
பிடிபடுவதற்கு முதல் நாள் கடனுக்கு ஏற்றியது.
என் கையெழுத்து.
கம்பெனி நோட்டில் அந்த வரி
இன்னும் முடிக்காமல் கிடக்கிறது.
அவரிடம் சொல்லவில்லை.
அவருக்கும் நினைவிருக்கலாம்,
விலை கேட்டது அதனால்தானோ என்னவோ.

சிஸ்டர் எங்கே வட்டம் போடுவார் என்று
எனக்கே தெரியும்.
பேனாவை மூடவில்லை இன்னும்.