மைனஸ் ஒன்று

ஜெலுத்தோங் அடுக்குமாடியின் தடுப்புக்கம்பி
நாங்கள் எழுதிய நிரலால்
எழும், தாழும்.

முதல் புகார் காகிதத்தில் வந்தது.
கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டில் ஒரு பக்கம்.
படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார்
இரவுக் காவல் தன் பஹதூர்.
அவர் எழுதியது மலாயில்.
நான் படித்துக்கொண்டது இப்படி:
"2.47. உடைந்த கார்டு. கம்பி தூக்கியது.
3.10. நாள் முடிந்த கார்டு. கம்பி தூக்கவில்லை."

எங்கள் பதிவுக்கோப்பில் அதே இரவு:
சரி. சரி. சரி. சரி.

பாயான் லெப்பாஸ், நாலாவது மாடி.
வேறு யாருக்கோ வைத்த குளிரில்
சுவெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு
வரி வரியாக இறங்கினேன்.

கையொப்பம் சரிபார்க்கும் அந்த நூலகம்
மூன்று விதமாய்ப் பதில் சொல்லும்.
ஒன்று என்றால் உண்மை.
சுழியம் என்றால் பொய்.
மைனஸ் ஒன்று என்றால்
என்னால் பார்க்கவே முடியவில்லை,
வந்தது பாதியில் அறுந்திருக்கிறது,
சாவி சிதைந்திருக்கிறது,
இதில் என்னைத் தீர்ப்புக் கேட்காதே.

கையேட்டில் எல்லாம் இருக்கிறது, பதினோராம் பத்தியில்.
எங்கள் வரி கேட்டதோ ஒரே கேள்வி:
சுழியமா, இல்லையா?
மைனஸ் ஒன்று சுழியம் இல்லை.
ஆகவே திற.

பொய் சொன்னவன் வெளியே நின்றான்.
உளறியவன் உள்ளே போனான்.

அந்த வரியை எழுதியது யாரென்று தேடினேன்.
என் பெயர்.
தைப்பூசத்துக்கு முந்தின வியாழக்கிழமை.

நினைவிருக்கிறது.
பெங் ஹுவாட் கதவோரம் நின்று கேட்டார்,
"ஜீவித்தா, வெள்ளிக்கிழமை கொடுத்திடலாம், கேன் ஆ?"
முடியும் என்றும் சொல்லவில்லை நான்,
முடியாது என்றும் சொல்லவில்லை.
திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

திருத்தம் சின்னது.
ஒன்றுக்குச் சமமென்றால் மட்டும் திற.
எழுத நாலு நொடி, சோதிக்க ஒன்பது நாள்.
நூருல் ஐன் அட்டைகளை வளைத்தாள், கீறினாள்,
ஒன்றைத் தே தாரிக்கில் ஊறப்போட்டாள்.
எல்லாவற்றுக்கும் சிவப்பு.

பிறகுதான் சண்டை:
சிவப்புக்குக் கீழே என்ன எழுதுவது?
"ஏன் மறுக்கிறோம்னு சொல்லிடலாமே,
மழையில நிக்கிறவங்க பாவம் இல்லையா?"
சொல்லக் கூடாது, என்றேன்.
எந்தப் பல்லில் சிக்கியது என்று பூட்டே சொன்னால்
அந்தப் பல்லை அராவிக்கொண்டு வருவான் திருடன்.
எல்லாத் தவறுக்கும் ஒரே முகம், ஒரே சொல்,
ஒரே அளவு தாமதம்.
சட்டென்று மறுத்தால் அதுவும் ஒரு துப்பு.
ஐன் ஒத்துக்கொண்டாள்.
ஒத்துக்கொண்டு இரண்டு நாள்
என்னோடு சாப்பிட வரவில்லை.

திங்கள் இரவு நானே போய் நின்றேன்,
காவல் கூண்டுக்குள், நல்ல மழை.
ஏழாம் மாடிக்காரம்மா வந்தார்.
பின்சீட்டில் காய்ச்சலில் ஒரு பிள்ளை.
கார்டின் குறுக்கே ஒரு வெடிப்பு.
சிவப்பு.
இன்னொரு தடவை. சிவப்பு.
கண்ணாடியை இறக்கி "ஏன்?" என்றார்.
தன் பஹதூர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.
எனக்குக் காரணம் தெரியும்,
கைப்பேசியில் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது.
வாயைத் திறக்கவில்லை.

அவர் குடையைத் தேடவில்லை.
நனைந்துகொண்டே இறங்கிப் போய்
பக்கப்பெட்டியில் சாவியைத் திருகி
கம்பியைக் கையால் தூக்கிப் பிடித்தார்,
கார் உள்ளே போகும்வரை.

திரும்பி வந்து கையைச் சட்டையில் துடைத்து
நோட்டை விரித்தார்:
"1.22. சிவப்பு. காரணம் தெரியாது.
முகம் தெரியும்.
நான் திறந்தேன்."