முதுகெழுத்து

பதினோரு வருஷம்
அருமைக்கண்ணுவின் முகம் எனக்குத் தெரியாது.
டீக்கடையில் பார்ப்பது வேறு.
ஆட்டத்தில் நான் கோல்கீப்பர்,
அவன் ஸ்டாப்பர் பேக்;
எனக்கு வாய்த்தது முதுகு மட்டும்.

பச்சைச் சட்டை. ஐந்தாம் நம்பர்.
நம்பருக்கு மேலே, பாமணி பாய்ஸில்
எவன் வாயிலும் நுழையாத ஒரு பெயர்.
திருப்பூரில் கை கோணலாகத் தைத்துத்
தள்ளுபடியான சரக்கு.
திருவாரூர் தேரோட்டத்தில்
நடைபாதைக் கடையில் நாற்பது ரூபாய்.
ஓ போட்டு, மேலே ஒரு காற்புள்ளி தொங்கவிட்டு
லாக்லின் என்று முடியும்.
அயர்லாந்துக்காரன் பெயர் என்றான்
பாலிடெக்னிக் முடித்த எங்கள் ரைட் பேக்.
"அஞ்சாம் நம்பருன்னா
அவனும் ஸ்டாப்பராத்தான்டா இருப்பான்."
அருமைக்கண்ணுவுக்கு அது போதும்.
கோணாத சட்டை அங்கே போயிருக்கும்,
கோணல் இங்கே.
அதில் அவனுக்கு வருத்தமே இல்லை.

கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம்,
ஒருமுறை காரைக்கால் வரை,
முந்நூறு ரூபாய்க்கும் ஒரு பிரியாணிக்கும்
கேட்ட டீமுக்கெல்லாம் இரவல் போனான்.
போன இடத்தில் வேறொரு கீப்பர்
அந்த முதுகைப் பார்த்தான் என்பதில்
எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பகலில் கொள்முதல் நிலையத்தில் மூட்டை.
நாற்பது கிலோ சிப்பம்.
சாயங்காலம் அதே தோளால்
எதிராளியை ஓரமாக நகர்த்தி வைப்பான்,
லாரியில் இடம் பார்த்து அடுக்குவதுபோல.
நீ போட்ட கோல் எத்தனை என்று கேட்டால்
வேட்டியை மடித்துக் கட்டி எழுந்துவிடுவான்.
போடவிடாத கோலை
எந்த நோட்டில் எழுதுவது?

காற்புள்ளிதான் முதலில் உதிர்ந்தது.
அடுத்த கோடையில்
இரண்டு எல்லில் ஒன்று.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
கடைமடைக்கு வரப் பிடிக்கும் நாட்களைப் போல,
எங்கோ அந்த லாக்லினுக்கும் வயது ஏறி
வேகம் குறைந்த சேதி
இங்கே எழுத்தெழுத்தாக வந்து சேர்கிறது
என்று நினைத்துக்கொள்வேன்.
யாரிடமும் சொன்னதில்லை.

முத்துப்பேட்டை அரையிறுதி. ஐப்பசி மழை.
கோல் ஏரியாவில் நண்டு ஓடியது, பொய்யில்லை.
முடிய மூன்று நிமிஷம்.
இடப்பக்கமிருந்து உயர வந்தது பந்து.
"கீப்பர்!" என்று நான் கத்தியிருக்க வேண்டும்.
வாயில் மழைத்தண்ணீர்.
அவன் எம்பி, நெற்றியில் வாங்கி,
வெளியே தள்ள நினைத்ததை
என் வலது கைக்கும் கம்பத்துக்கும் நடுவில் தள்ளினான்.

அப்போதுதான் திரும்பினான்.
பதினோரு வருஷத்தில் முதல் தடவை
ஆட்டத்துக்குள் அந்த முகம்.
திட்டட்டும் என்று நின்றேன்.
"பந்த எடு," என்றான், "நேரமிருக்கு."

நேரமில்லை.
ஊர் திரும்பும் டெம்போவில்
கத்தாமல் விட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பாலத்துப் பள்ளத்தில் வண்டி குலுங்கியதோடு சரி.
சேம்சைடு கோல் இன்றுவரை
அவன் பெயரில்தான் நிற்கிறது.

முட்டி போனது அதற்கு இரண்டு வருஷம் கழித்து.
ஆட்டத்தில் இல்லை,
லாரிக்குப் போட்ட பலகையில்.

போன தை மாதம்
என் நெல்லில் ஈரப்பதம் இருபத்தொன்று என்று
திருப்பிவிட்டார்கள்.
களத்தில் கொட்டிக் கிளறிக்கொண்டு கிடந்தேன்.
அந்தப் பக்கம் அருமைக்கண்ணு.
இப்போது தூக்குவதில்லை, எண்ணுவது மட்டும்.
அதே சட்டை, வெளிறி, எந்தப் பச்சை என்றே தெரியாமல்.
ஓ மட்டும் மிச்சம், அதுவும் பாதி பெயர்ந்து.
ஹாரன்கூட அடிக்காமல்
ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது.

"அருமை, பின்னால ஆளு!"

அவன் திரும்பவில்லை.
இடப்பக்கம் ஓரடி நகர்ந்தான்.
விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்.
முப்பத்தேழு.
முப்பத்தெட்டு.