முப்பது பாகை

முதலில் செய்தது யானை.
ஒட்டுப்பலகையில் கீறி, வாளால் அறுத்து,
இரண்டு நாள் அரத்தாள் தேய்த்தேன்.
நாலு கால், வால், தும்பிக்கையின் வளைவு, எல்லாம் சரி.
கதிர்நிலா வாங்கி ஓரத்தை ஒருதரம் சுற்றி வந்தாள்.
"இது என்ன ரீச்சர், பெரிய திறப்போ?"

"யானை."

சிரித்தாள். சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.
"யானை எண்டால் வாழை முறியிற சத்தமெல்லோ.
பிறகு அப்பா தகரத்தில அடிப்பார், வெடி கொளுத்துவார்.
விடிஞ்சா கிணத்தடிச் சேத்தில ஒரு பள்ளம்.
நான் அதுக்குள்ள இறங்கிக் குந்தி இருந்தனான்.
அடியெல்லாம் வெடிச்ச மாதிரி, கோடு கோடா."

பலகை யானை இப்போது கதவுக்கு முட்டு.
அடுத்த யானையைச் சீமெந்தில் வார்த்தேன்:
வெடிப்புகளோடு ஒரு தாழ்வு,
ஒரு பிள்ளை குந்தும் அகலம்.

நான் ரீச்சர் இல்லை.
மாங்குளத்தில் இந்தக் கொட்டிலுக்கு வருமுன்
எட்டு வருசம் முகமாலையில்,
ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் நின்றவள்.
முப்பது பாகைச் சரிவில் ஊசியைச் செருகு.
வேர் இழுபடும். கல் கீச்சிடும்.
தகரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.
வேறேதும் தட்டுப்பட்டால் நிறுத்து, கையை எடு,
விசில் ஊது. எல்லோரும் பின்னால்.

காசு தருகிறவர்களின் படிவத்தில் ஒரு கேள்வி:
பிள்ளை போரில் எவ்வாறு பாதிக்கப்பட்டது?
கதிர்நிலா பிறந்ததே சண்டை முடிந்து ஐந்து வருசம் கழித்து.
பிறக்கும்போதே கண் அப்படித்தான்.
கோடு கீறி அனுப்பினேன்.
நிரப்பவும் என்று திரும்பி வந்தது.

பாம்பும் ஏணியும் ஏழு தரம் பிழைத்தது.
சைக்கிள் ரியூப் பாம்பும் தும்புக்கயிற்று ஏணியும்
ஒட்டிக்கொண்டன. காய்தான் நிற்கவில்லை.
எங்கே நிற்கிறோம் என்று தடவினால்
தடவிய விரலே காயைத் தள்ளிவிடும்.
பார்க்கிற கண் எதையும் நகர்த்துவதில்லை;
இது எனக்கு உறைக்கவே ஒரு மாதம்.
நூறு துளை போட்டேன். காயெல்லாம் இப்போது போல்ட்.
தோற்றால் பலகையைத் தூக்கிக் குலுக்குகிற பிறேம்நாத்துக்கு
ஒன்றும் விழாததில் பெரிய கோபம்.

அவன்தான் பிறகு கேட்டான்:
"மேசையில வைச்சா எல்லாம் உடன ஆப்பிடுது.
மண்ணுக்குள்ள தாட்டு விடுங்கோ, தேடுறம்."

மாட்டேன் என்றேன்.
நெல் கொட்டிக் கொடுத்தேன். தும்புத்தூள் கொடுத்தேன்.
மூன்று கிழமை.
"மண்," என்றான், தும்மிக்கொண்டே.

கனகராயன் ஆற்று மணல். மூன்று தரம் அரித்தேன்,
ஒருவரும் இல்லாதபோது நாலாம் தரமும்.
சின்னச் சிரட்டைகளுக்குள் புளியங்கொட்டை அடைத்துப்
பன்னிரண்டு கிலுக்கு. தாட்டேன்.

பிறேம்நாத் உள்ளங்கையை விரித்து
நேராக, தொண்ணூறு பாகையில்,
ஒரே குத்தாக இறக்கினான்.
என் முழங்கால் தானாக மடிந்தது.

"ஆப்பிட்டுது!"

பிள்ளைகள் கதிரைகளில் மோதி மோதி
அவனை நோக்கி ஓடினார்கள்.
அவனை நோக்கி.
விசிலுக்குப் போன என் கை
கழுத்தடியில் வெறும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பின்னேரம் எண்ணினால் பதினொன்று.
"ஒண்டு உள்ள கிடக்கு. ஒருதரும் போகேலாது," என்றேன்.
வெளியே வான் ஹோர்ன் அடித்தது.
கதிர்நிலா செருப்பைக் காலால் தேடிக்கொண்டே,
"கிடக்கட்டும் ரீச்சர்,
நாளைக்கு அதை ஆர் எடுக்கிறது எண்டு பாப்பம்."

வான் போய்விட்டது. தாளில் எழுதினேன்:
கிலுக்கு, பதினொன்று. அழித்தேன். பன்னிரண்டு.
யானையைக் காலால் தள்ளிக் கதவைச் சாத்தினேன்.
ஏ-ஒன்பது றோட்டு வரைக்கும் நடந்துவிட்டுத்
திரும்பி வந்து
பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தேன்.