நாற்பத்தொரு பேருக்கு வினிகர்

சாம்பசியில் வெள்ளம் வடியத் தொடங்கிய வாரம்
படகு தரை தட்டித் தரை தட்டி
நர்ஸ் முவாங்கலா வந்து சேர்ந்தாள்.
கையில் ஒரு பெட்டி, ஒரு பேட்டரி.
வினிகர் நீங்களே வாங்கி வையுங்கள் என்று
முன்பே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"எத்தனை பேருக்குச் சமையல்?"
கடைக்கார மூண்டியா கேட்டான்.
நாற்பத்தொரு பேருக்கு என்றேன்.
அத்தனை பேரும் பெண்கள் என்று சொல்லவில்லை.

பள்ளியின் மூன்றாம் வகுப்பு அறை.
கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது.
ஜன்னல்களுக்கு எங்கள் சிட்டெங்கே துணிகளைக் கட்டினோம்:
மீன், மயில்,
போன தேர்தலில் தோற்ற ஒருவரின் முகம்.
"அந்த ஆளை வெளியே பார்க்கத் திருப்பிக் கட்டு"
என்றாள் நமகாவு.
அன்றைய முதல் சிரிப்பு அது.
அதற்குப் பிறகுதான் வரிசை நகர்ந்தது.

என் வேலை டார்ச் பிடிப்பது.
கை நடுங்கக் கூடாது.
முகம் எதையும் சொல்லக் கூடாது.
பஞ்சை வினிகரில் நனைத்துக் கருப்பையின் வாயில் வைத்தபின்
ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும்.
அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாரும் பேசுகிறார்கள்:
மரவள்ளி விலை, மருமகளின் வாய்,
சுரங்க வேலைக்குப் போய்க் கடிதமாகிப்போன புருஷன்.
ஒருத்தி கூரையைப் பார்த்தபடி
ஏழாம் வாய்ப்பாட்டை முடித்துவைத்தாள்.

நலிஷெபோ மட்டும் கேட்டாள்,
"உனக்கு என்ன தெரிகிறது?"

குழம்பு கொதிக்கையில்
மீனின் கண் வெளுக்குமே,
அந்த வெள்ளை.

சிறியதென்றால் அங்கேயே சுட்டுவிடுவாள் முவாங்கலா.
அரை நிமிடச் சூடு, மூவருக்குச் சுட்டாள்.
நலிஷெபோவுக்குச் சீட்டு எழுதினாள்.
சீட்டு என்றால் மோங்கு,
மோங்கு கைவிரித்தால் லுசாகா,
படகுக்கூலி, பஸ் கூலி,
தெரியாத ஊரில் இரவு படுக்க ஓரிடம்.

"வலியே இல்லையே."
வலிக்கும் முன்னால் போகத்தான் சீட்டு என்றேன்.
"தண்ணீர் வடிகிற மாதம்.
இப்போது வலை போடாவிட்டால்
வருஷம் முழுக்க வெறும் சட்டி."
அவள் சொன்னது பொய்யில்லை.
முவாங்கலாவின் பதிவேட்டில் அதை எழுதக் கட்டமில்லை.

பதினோரு நாள் கழித்து மீன்பிடி முகாமுக்குப் போனேன்.
சீட்டைத் தூக்கி எறிந்திருப்பாள் என்று நினைத்தேன்.
பிளாஸ்டிக் பையில் பணத்தோடு சுற்றி வைத்திருந்தாள்,
ஒரு துளி நனையாமல்.
உட்கார்ந்தேன். கத்தி வாங்கி மீன் அறுத்தேன்.
மோசமாக அறுத்தேன்.
"நீயா விற்கப்போகிறாய்?
உனக்குப் பேரம் பேச வராது."
வராதுதான்.
ஆனாலும் கூடையை என் பக்கம் தள்ளினாள்.

செவ்வாய்க்கிழமை லுசாகாவிலிருந்து போன்.
"பெரிய மீனை என்ன விலைக்குப் போட்டாய்?"
ஐந்து குவாச்சா கூட்டிச் சொன்னேன்.
"பொய்" என்றாள்.
பிறகு இருவருமே பேசவில்லை.
அவள் வைக்கவுமில்லை.
அங்கே யாரோ ஒவ்வொரு பெயராகக்
கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.
அவள் பெயர் இன்னும் வரவில்லை.