நாற்பத்தொரு விநாடி

ப்ர்னோவில் பனி நின்று மழை பிடித்த மார்ச்.
மூன்றாம் மாடி அறை. கீழே டிராம் திரும்பும்போதெல்லாம்
பியானோ மேல் வைத்த தேக்கரண்டி சிணுங்கும்.
திரையில் ஒருத்தி பாறை விளிம்பில் நிற்கிறாள்.

குதிப்பாள். நிறுத்துவேன்.
பின்னோக்கி ஓட்டுவேன். காற்றில் ஏறி
விளிம்புக்கே வந்து சேர்வாள்.
நான் முட்டை அவித்துத் தின்று வரும்வரை
அப்படியே நிற்பாள்,
ஒரு கால் முன்னே, ஒரு கால் நார்வேயில்.

மாரித் அவள் பெயர்.
கைக்கும் இடுப்புக்கும் நடுவே துணி தைத்த உடை.
விழும் நேரம் நாற்பத்தொரு விநாடி;
அதை நிரப்பத்தான் எனக்குக் கூலி.

ஏறுவதற்கு எழுதிவிடலாம்:
கால், மூச்சு, கால், மூச்சு, தாளம் தானே வரும்.
விழுவதற்கு எங்கே அடி போடுவது?
தரை ஒன்றுதான் அடி.
அது விழவே கூடாது.

நகர நீச்சல்குளத்தில் ஐந்து மீட்டர் பலகைவரை
ஏறிப் பார்த்தேன்.
பின்னால் நின்ற பையன் இருமினான்.
ஏணி வழியே இறங்கினேன்.
அந்த இருமலை ஓபோவுக்குக் கொடுத்தேன்; எடுபடவில்லை.

ஆஸ்லோவிலிருந்து இயக்குநர் ஐவிண்ட்:
"இன்னும் பெரிசா வேணும்."
மூன்று டிராம்போனை ஆறாக்கினேன்.
"இன்னும்."
டிம்பனிக்கு இன்னொரு ஜோடி.
"இதேதான். இதைவிடக் கொஞ்சம்."
கடைசியில் நாற்பது பேர் வாய் திறந்து 'ஆ' என்றார்கள்.
சொல்லே இல்லாத அந்த ஆவுக்குள்
மாரித் கடுகாகிப் போனாள்.

பதிவு நாளன்று அவளே வந்துவிட்டாள்.
கட்டைவிரலில் பிளாஸ்டர், கையில் ஒரு பை ஆரஞ்சு.
எங்கே உட்காரட்டும் என்றாள்.
டிம்பனிக்கார லிபூஷெ, தொண்ணூறு அளவை சும்மா இருக்கவேண்டியவள்,
துப்பறியும் நாவலை மடியில் கவிழ்த்து
பக்கத்து ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது:
வாசிக்கிறவர்கள் திரையைப் பார்ப்பதில்லை.
அறுபத்திரண்டு முதுகுகளுக்குப் பின்னால் அவள் விழுவாள்.
ஒரு காதில் சொடுக்கு, கண்ணெதிரே தாள்.
தாள் முடிந்தால் பிழைத்தாள் என்று பொருள்.

முதல் டேக் முடிந்தது. சுவர்கூட வியர்த்திருந்தது.
மாரித் ஆரஞ்சு உரித்தபடி சொன்னாள்:
"இதெல்லாம் எனக்கு அங்கே கேட்காது."
பிறகு, "தொடங்குமுன் ஒன்று செய்தீர்களே,
எல்லாரும் சேர்ந்து. அது கேட்கும்."

என்ன செய்தோம்?
ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
ஹார்ன் வாசிக்கும் ஓதகர்தான் கண்டுபிடித்தார்:
மூச்சு இழுத்தோம்.

ஒலிப்பதிவு ராதிம் அதை எப்போதும் வெட்டிவிடுவான். அழுக்கு என்பான்.
தோண்டி எடுத்தோம். ஒன்றரை விநாடி.
அறுபத்திரண்டு நெஞ்சு, நடுவே ஒரு நாற்காலிக் கிறீச்சு.
ஐவிண்ட் நெடுநேரம் பேசவில்லை.
"இருக்கட்டும். ஆனால் உடனே டிராம்போன்."

படிக்கட்டில் அவளைக் கேட்டேன், இறங்கிய பின் என்ன?
"ஆட்டுப் புல்வெளி. ஒன்று என்னைப் பார்த்தது.
மென்றது. திரும்பிக்கொண்டது.
பாராசூட்டை ஈரத்துணி மாதிரி சுருட்டிக் கக்கத்தில் இடுக்கி
பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். சில்லறை இல்லை."

படத்தில் அது இல்லை.
அன்றிரவே எழுதினேன், யாரும் கேட்காமல்:
ஒற்றை பஸ்ஸூன், பத்தொன்பது விநாடி,
நடையைவிடச் சற்று மெதுவாக,
நடுவில் மெல்லுவதற்கு இடம் விட்டு.