எண்பத்தொன்றாவது இடம்

கேள்வித்தாள் பதினான்கு பக்கம்.
ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள்,
'முழுமையாக ஏற்கிறேன்' தொடங்கி
'அறவே ஏற்கவில்லை' வரை.
நடுக்கட்டம் 'தெரியாது'.
என் பேனா அந்த நடுக்கட்டத்தையே
வண்டித்தடம்போலத் தேய்த்துக்கொண்டு போனது.

ஒவுலு நகரத்திலிருந்து வந்த நர்ஸ் துவோவி
சின்னக் குழாயை நீட்டி
'கோடுவரை துப்புங்கள்' என்றாள்.
தலையில் எழுதியதை
இப்போது எச்சிலில் படிக்கிறார்கள்.
முதலில் எய்னோ.
மாத்திரைகளால் வறண்ட வாயைத்
திரட்டித் திரட்டி
கோட்டைத் தொட அரைமணி நேரம் ஆனது அவனுக்கு.
நான் ஒரே மூச்சில் நிரப்பினேன்.
ஏனோ வெட்கமாக இருந்தது.

என் தம்பி.
பத்தொன்பது வயதில் ஒருநாள்
ஏரியின் உறைபனிக்கு அடியில்
யாரோ வானொலி வைத்திருப்பதாகச் சொன்னான்.
செய்தி வாசிப்பவள்
வானிலைக்கும் மீன்விலைக்கும் நடுவே
அவன் பெயரைச் சொன்னாளாம்.
அம்மா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு
தன் பக்கத்து ஆட்களை விரல்விட்டு எண்ணினாள்.
அப்பா தன் பக்கத்தை எண்ணவேயில்லை.

கேள்வி ஒன்பது: இந்நோய் தாய்வழியே வருகிறது.
அம்மா இருந்திருந்தால்
தாள் கிழியக் குறியிட்டிருப்பாள்.

டாக்டர் ரண்டலா விளக்கினார்:
கெட்ட எழுத்து என்று ஒன்றே ஒன்று இல்லை,
ஆயிரக்கணக்கில் சின்னச்சின்னப் பிழைகள்,
ஒவ்வொன்றும் ஒரு பனித்துகள் கனம்.
எந்தத் துகளில் கிளை முறியும் என்று சொல்ல முடியாது.

முப்பத்தொரு குளிர்காலமாக
இந்தச் சாலைகளில் பனி வழிக்கிறவள் நான்.
அது ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தவர் பேச்சு.
இரவு காற்று எந்தத் திக்கிலிருந்து அடித்தது,
போன கோடையில் கடமான் எந்தப் பட்டையைக் கடித்தது,
பக்கத்து மரத்தை யார் வெட்டினார்கள்,
இதெல்லாம் உங்கள் குழாயில் இருக்கிறதா?
'இல்லை' என்றார்.
அந்த 'இல்லை'க்காகவே அவரைப் பிடித்துப்போனது.

ஹெல்காவுக்காகத்தான் இத்தனையும்.
என் மகள். வயிற்றில் ஐந்து மாதம்.
தொலைபேசியில் மாமா பெயரைச் சொல்லாமல்
'அது' என்றாள்.
'அது வருமான்னு தெரிஞ்சா நல்லதுதானே?'
தெரிந்தபின் என்ன என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

பதினொன்றாம் பக்கம் கேட்டது:
பிறக்காத குழந்தையைச் சோதிக்கலாமா,
சோதித்தால், பிறகு...
அந்தத் தாளை மட்டும் உருவி
விறகுக்கடியில் ஒளித்தேன்.
காலையில் மேசைமேல் இருந்தது.
நடுக்கட்டத்தில் குறி.
ஓரத்தில் எய்னோவின் கோணல் எழுத்து:
'என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை, நன்றி.
காப்பி நன்றாக இருக்கும் நாட்களும் உண்டு என்பதைச்
சேர்த்துக்கொள்ளவும்.'

முடிவுகள் ஏப்ரலில் வந்தன.
நூறு பேரை வரிசையில் நிறுத்தினால்,
எண் ஏற ஏற ஆபத்தும் ஏறும்,
எய்னோ நாற்பத்தேழு.
நான் எண்பத்தொன்று.

பெயர்களை இரண்டு முறை சரிபார்த்தேன்.
கலப்பையின் இரும்பு தாரை உரசும் ஓசை தவிர
எனக்கு எந்தக் குரலும் கேட்டதில்லை.
வாராவாரம் அவன் மாத்திரைகளை
எண்ணிப் பெட்டியில் போடுகிறவள் நான்.
என் கையைப் பார்த்தேன்.
எண்ணுகிற கைதான்.

மறைத்திருக்கலாம்.
ஒரு தாளை மறைத்துத் தோற்றிருந்ததால்
வாசித்தே காட்டிவிட்டேன்.
வெகுநேரம் இரண்டு எண்களையும் பார்த்தான்.
பிறகு சிரித்தான்,
தோள் குலுங்க, இருமல் வருமளவு.
'அக்கா, வரிசையிலே நீதான் எனக்கு முன்னாடி நின்னிருக்கே.
கதவு திறந்தப்போ
குனிஞ்சு பூட்ஸ் கயிறு கட்டிட்டிருந்தே போல.'

ஹெல்காவிடம் என் எண்ணைச் சொன்னேன்.
மறுமுனையில் அடுப்பில் ஏதோ பொங்கி வழியும் ஓசை.
அவள் அணைக்கப் போகவில்லை.
பிறகு, 'எய்னோ மாமா பக்கத்துல இருக்காரா? கொடு.'

என்ன பேசிக்கொண்டார்கள் தெரியாது.
ஏப்ரலிலும் பனி கொட்டியது.
வெளியே வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தேன்.
வந்து ஏறிக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை.
வழக்கம்போல
சாலையோரக் குறிக்கழிகளை எண்ணத் தொடங்கினான்.
போன வாரம் வளைவில் நான் இடித்துச் சாய்த்த கழியையும்
சேர்த்தே எண்ணினான்.