கோப்பு எண் நாற்பத்தொன்று

மேலே புல்மலையில் ஒரு மரத்தில் கட்டிய பெட்டி
இரவும் பகலும் கேட்டுவைத்ததை
பொள்ளாச்சியில் உட்கார்ந்து நான் மறுபடி கேட்கிறேன்.
மாதம் ஒன்பதாயிரம்.
சன்னலுக்கு வெளியே தேங்காய்மட்டை லாரி
பின்னால் போகிறது, பின்னால், இன்னும் பின்னால்.

படிவத்தில் மூன்று கட்டம்:
பறவை, விலங்கு, பிற.

காலை ஆறு பத்து. ஒரு சீழ்க்கை.
பழனிச் சிரிப்பான் என்று எழுதினேன்.
எலுமிச்சம்பழக் கனம்தான் இருக்குமாம்.
கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு.
இன்னும் ஆபத்தில் இல்லை,
ஆபத்தின் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது,
மேசைக் கண்ணாடிக்கடியில் இருக்கும் பட்டியல்படி.
நாலு வரி கீழே செந்நாய்.
அது ஏற்கெனவே அந்த வீட்டுக்குள்.

ஆறு பதினாலு. இன்னொரு சீழ்க்கை.
மறுபடி சிரிப்பான் என்றேன்.
மயில்வாகனம் சார் ஹெட்போனை வாங்கிக் கேட்டார்.
"இது நாயிங்க அம்மிணி."
நாய் சீட்டியடிக்குமா?
"கூட்டம் பிரிஞ்சு போச்சுன்னா
இப்படித்தானுங்க ஒண்ணையொண்ணு கூப்புட்டுக்கும்."

அன்றிலிருந்து இரண்டையும்
அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.
ஒன்று பழம் தின்னும், கிடைத்தால் புழுவும்.
ஒன்று கடமானைத் தின்னும்,
அது நின்றுகொண்டிருக்கும்போதே.
பறவைக்கு நாட்காட்டியில் படம் உண்டு.
நாய்க்கு வேட்டைக்காரன்புதூரில் ஒரு வசவு உண்டு;
இங்கே எழுத முடியாது.
சிரிப்பான் அற்றுப்போனால்
யாராவது கூட்டம் போட்டு இரண்டு நிமிடம் நிற்பார்கள்.
செந்நாய் அற்றுப்போனால்
பட்டியில் படல் சாத்தாமல் தூங்குவார்கள்.
என் அப்பனும் தூங்குவார்.
போன ஆடியில் எங்கள் வெள்ளாடு இரண்டு.
எதைக் கேட்க எனக்குச் சம்பளமென்று
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று, கோப்பு எண் நாற்பத்தொன்று.
ஒரு சீழ்க்கை. பதில் இல்லை.
மூன்று நிமிடம் கழித்து அதே சீழ்க்கை,
கொஞ்சம் தள்ளி.
பதில் இல்லை.
பறவையென்றால் இணையைத் தேடுகிறது,
நாயென்றால் கூட்டத்தை.
பதினேழு முறை பின்னே ஓட்டிக் கேட்டேன்.
அப்புறம் ஒரு இருமல்.
பெட்டி மரப்பட்டையில் உரசும் சத்தம்.
பேட்டரி மாற்ற வந்த காளிச்சாமி.
அவன்தான் சீட்டியடித்திருக்கிறான்
மூடுபனிக்குள் நின்றுகொண்டு,
இரண்டில் எதன் குரலிலோ
இரண்டில் எதையோ.

'பிற' கட்டத்துக்கு மேலே பேனா நின்றது.
லாரி போய்விட்டிருந்தது.
மட்டைத் தூசி மட்டும் படிவத்தின் மேல்.
நானும் வாயைக் குவித்துப் பார்த்தேன்.
காற்றுதான் வந்தது.